வளவுக் கொய்யாவும் கடை அப்பிளும்



எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு வளவில், கிணற்றடியோடு ஒரு கொய்யாமரம் நிற்கிறது. காய்க்கும் காலத்தில் பாதிப் பழம் அணிலுக்கும் வௌவாலுக்கும் போகும். மீதி நிலத்தில் விழுந்து அழுகும். சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவ்வீட்டு மருமகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முகம் வெளிறிப்போயிருந்தது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வருவதற்குள் மூச்சு வாங்கியது. என்னைக் கண்டதும் மாமியார் உள்ளே போய் கிளினிக் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ரீச்சர், பிள்ளைக்கு இரத்தம் காணாதாம். ஒன்பது புள்ளி நாலு எண்டு எழுதி விட்டிருக்கினம். அதுதான் நாள் தவறாமல் அப்பிள் வேண்டிக் குடுக்கிறம்."

கர்ப்பிணித் தாய் ஒருவரின் இரத்தத்தில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. 9.4 என்பது விளையாட்டாக விடக்கூடிய கணக்கு அல்ல. இரத்தச்சோகையோடு பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்க்கு, பிரசவத்தின்போது சாதாரணமாகப் போகும் இரத்தமே ஆபத்தாகிவிடலாம். குறைமாதப் பிரசவத்துக்கும் நிறை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் கூட இது வழி வைக்கும்.

மேசையில் ஒரு தட்டத்தில் அப்பிள் துண்டுகள் இருந்தன. வெட்டி அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மண்ணிறமாக மாறியிருந்தன. மாமியார் அதைக் காட்டிச் சொன்னார்: "பாருங்கோ, வெட்டி வைச்ச உடன எப்பிடிக் கறுக்குது. எல்லாம் இரும்புச்சத்து."

மகன் ஓட்டோ ஓடுகிறார். ஒவ்வொரு நாளும் இரவு வரும்போது இரண்டு அப்பிள் வாங்கி வருவாராம். ஓட்டம் இல்லாத நாட்களில் கடைக்காரரிடம் கொப்பியில் எழுதிவிட்டு வாங்குவாராம். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசு போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. முப்பது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். அன்று அந்த விறாந்தையில் இருந்து நான் சொன்னவற்றையே இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ இதே கதை நடந்துகொண்டிருக்கலாம்.

கறுப்பதெல்லாம் இரும்பு அல்ல

முதலில் அந்த மண்ணிறத்தை எடுத்துக்கொள்வோம். அப்பிளை வெட்டியதும் அதன் சதையிலுள்ள சில சேர்வைகள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்கின்றன. பழத்திலேயே இருக்கும் ஒரு நொதியம் இந்த வேலையைச் செய்கிறது. அதனால்தான் நிறம் மாறுகிறது. வெட்டிய கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் வாழைக்காயும் கறுப்பது இதே காரணத்தால்தான். தேசிப்புளி பூசினால் கறுக்காது. இரும்புச்சத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

100 கிராம் அப்பிளில் உள்ள இரும்பு ஏறக்குறைய 0.1 மில்லிகிராம்தான். கர்ப்பிணித் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராம் இரும்பு தேவை என்று கணக்கிடுகிறார்கள். அப்பிளால் மட்டும் அதை நிரப்புவதென்றால் நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்!

நான் இதைச் சொன்னதும் மருமகள் சிரித்துவிட்டாள். மாமியார் விடவில்லை. "அப்ப கொய்யாப்பழத்திலயோ இரும்பு கிடக்கு?" என்று கேட்டார். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? கொய்யாவிலும் இரும்பு குறைவுதான். 100 கிராமில் 0.3 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. எந்தப் பழமும் தனியாக நின்று இரத்தத்தை ஏற்றிவிடாது. ஆனால் கொய்யாவிடம் வேறொரு சத்து உண்டு. அதைச் சொல்லுமுன் இரண்டு பழத்தையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

இரண்டையும் ஒப்பிட்டால்

கீழே உள்ளவை தோலோடு கூடிய 100 கிராம் பழத்துக்குரிய அளவுகள். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் ஏறக்குறைய இந்த நிறைதான் இருக்கும். இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் இவை சற்றுக் கூடிக் குறையலாம்.

சக்தி: அப்பிளில் 52 கலோரி, கொய்யாவில் 68 கலோரி.
சீனி: அப்பிளில் 10 கிராம், கொய்யாவில் 9 கிராம்.
நார்ச்சத்து: அப்பிளில் 2.4 கிராம், கொய்யாவில் 5.4 கிராம்.
புரதம்: அப்பிளில் 0.3 கிராம், கொய்யாவில் 2.6 கிராம்.
பொட்டாசியம்: அப்பிளில் 107 மில்லிகிராம், கொய்யாவில் 417 மில்லிகிராம்.
போலேற்று: அப்பிளில் 3 மைக்ரோகிராம், கொய்யாவில் 49 மைக்ரோகிராம்.
விற்றமின் சி: அப்பிளில் 5 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு, கொய்யாவில் 228 மில்லிகிராம்.

கடைசி வரியை இன்னொரு தடவை வாசியுங்கள். கர்ப்பிணித் தாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான விற்றமின் சி 55 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாலூட்டும் தாய்க்கு 70 மில்லிகிராம். கர்ப்பிணியின் ஒருநாள் தேவைக்கு ஒரு கொய்யாப்பழத்தின் காற்பங்கு போதும். அதே அளவை அப்பிளில் பெறுவதானால் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். தோடம்பழத்தில்கூடக் கொய்யாவில் உள்ளதில் நாலில் ஒரு பங்குதான் விற்றமின் சி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கடையில் நாம் காணும் அப்பிள் கடல் கடந்து வருவது. பறித்தபின் குளிரறைகளில் பல மாதம் வைத்திருந்து ஏற்றுமதி செய்வார்கள். அதன் பளபளப்புக்குப் பல வேளைகளில் மேலே பூசிய மெழுகும் காரணம். அந்த மெழுகு உண்ணத்தக்கதுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நாட்கள் செல்லச்செல்லப் பழத்திலுள்ள விற்றமின் சி குறைந்துகொண்டே போகும். நம் வளவுக் கொய்யா காலையில் மரத்தில் இருந்து மதியம் தட்டத்துக்கு வருகிறது.

கொய்யா செய்யும் உதவி

நாங்கள் சாப்பிடும் கீரை, முருங்கையிலை, பயறு, கௌபி, பருப்பு எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் மீன், இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்வதுபோல் தாவர உணவில் உள்ள இரும்பை எடுத்துக்கொள்வதில்லை. அதில் பெரும்பகுதி பயன்படாமலே வெளியேறிவிடும். அதே உணவோடு விற்றமின் சி சேர்ந்தால், அந்த வேளையில் உடம்பு உறிஞ்சும் இரும்பின் அளவு இரண்டு மூன்று மடங்காகக் கூடலாம். கதவு பாதி சாத்தியிருக்கும் வீட்டுக்குள் சாமான் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். கதவை அகலத் திறந்துவிடுகிற வேலையைத்தான் கொய்யா செய்கிறது. சாமானைக் கொண்டுவர வேண்டியது கீரையும் பயறும் மீனும் கிளினிக் மாத்திரையும்.

கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு விற்றமின் சி மாத்திரையும் தருகிறார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? இதே காரணத்துக்காகத்தான்.

இந்தக் கதவைச் சாத்துகிற ஒன்றும் நம் வீட்டில் இருக்கிறது. அதுதான் தேநீர். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் அந்த உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். கோப்பியும் அப்படியே. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடித்தால் இந்தக் கெடுதி பெரிதும் குறையும்.

நான் மருமகளிடம் கேட்டேன்: "பிள்ளை, கிளினிக்கில தந்த குளிசையை எப்ப போடுறனீர்?"

அவள் மாமியாரைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "போட்டா ஓங்காளம் வருது ரீச்சர். மலமும் கறுப்பாப் போகுது. பயத்தில சில நாள் போடுறேல்ல. போடுற நாளில எல்லாத்தையும் சேர்த்துக் காலமை தேத்தண்ணியோட விழுங்கிப்போட்டு விடுவன்."

சகோதரிகளே, உண்மையான காரணம் இங்கேதான் இருந்தது. இரும்பு மாத்திரை எடுத்தால் மலம் கறுப்பாகப் போவது வழமை. அதற்குப் பயப்படத் தேவையில்லை. தேநீரோடு விழுங்கினால் மாத்திரையின் பயன் குறையும். கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஒன்று மற்றதைத் தடுக்கும். "ஓங்காளம் வருதெண்டு நிற்பாட்டக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தரிட்டச் சொல்லும், வழி சொல்லித் தருவா" என்றேன். அடுத்த நாளே போய்க் கேட்டாள். இரும்பு மாத்திரையை இரவில் படுக்கப் போகும்போது தண்ணீரோடு போடும்படியும், கல்சியத்தைப் பகலில் தனியாகப் போடும்படியும் அவர் சொல்லிக் கொடுத்தார்.

"வாற சனம் என்ன நினைக்கும்?"

எல்லாவற்றையும் கேட்டபின் மாமியார் தன் மனத்தில் கிடந்ததைச் சொன்னார். "நீங்கள் சொல்லுறது சரிதான் ரீச்சர். ஆனா பிள்ளையைப் பார்க்க வாற சனம் என்ன நினைக்கும்? வயித்துப் பிள்ளைத்தாச்சிக்கு வளவில விழுந்த கொய்யாவைக் குடுக்கினம் எண்டு கதைக்காதுகளே?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானே அப்படி நடந்தவள்தான்.

எங்கள் தலைமுறைக்கு அப்பிள் வெறும் பழம் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்பிளைக் காண்பது அரிது. கொழும்பால் வரும் யாராவது ஒன்றிரண்டைக் கொண்டுவந்தால், அதை எட்டாக வெட்டி வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுப்போம். 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் அப்பிள் சந்தைக்கு வந்தது. அன்றிலிருந்து நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் கையில் அப்பிள் பை இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. 2022 இல் விலைவாசி எகிறியபோதும் நாங்கள் அந்தச் சட்டத்தை விடவில்லை.

2004 இல் என் அம்மா வைத்தியசாலையில் இருந்தார். எங்கள் வளவில் பப்பாசியும் கொய்யாவும் கனிந்து நின்றன. அவற்றைக் கொண்டுபோக எனக்கு வெட்கம். பக்கத்துக் கட்டில்காரர் பார்ப்பார்களே என்று அப்பிளும் முந்திரிகைப் பழமும் வாங்கிப் போனேன். அம்மாவுக்குப் பல் இல்லை. அப்பிள் கட்டிலருகில் அப்படியே கிடந்து வாடியது. மூன்றாம் நாள் அம்மா கேட்டார்: "எங்கட மரத்துப் பப்பாசி இன்னும் பழுக்கேல்லையோ பிள்ளை?" அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததை என் வீட்டில் நான் செய்யவில்லை.

இந்தக் கதையை அந்த மாமியாருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்க் கொக்கத்தடியை எடுத்தார்.

கொய்யாவைப் பற்றிய பயங்கள்

கொய்யா சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். தடிமனும் சளியும் கிருமித் தொற்றால் வருபவை. கொய்யா அவற்றைக் கொண்டுவருவதில்லை.

விதை குடல்வளரிக்குள் போய் அடைத்துவிடும் என்பது இன்னொரு பயம். விதை சமிபாடடையாமல் அப்படியே வெளியேறிவிடும். விதையால் குடல்வளரி அழற்சி ஏற்படுவது மிக மிக அரிது. ஆனாலும் சிறு குழந்தைகளுக்கும், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், பல் பழுதானவர்களுக்கும் விதையை நீக்கிவிட்டு நன்கு கனிந்த சதையை மட்டும் கொடுப்பது நல்லது.

மலச்சிக்கல் வரும் என்பார்கள். கொய்யாவின் நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கவே உதவும். கர்ப்பிணிகள் பலருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தண்ணீரும் போதியளவு குடிக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடலாமா என்று கேட்பதுண்டு. நார்ச்சத்துக் கூடியதாலும் சீனி அளவானதாலும் ஒரு நடுத்தரப் பழம் சாப்பிடலாம். அப்பிளும் அவர்களுக்கு ஏற்றதுதான். இரண்டையும் சாறாக்கிச் சீனி போட்டுக் குடிப்பதுதான் கூடாது.

அப்பிளுக்கும் ஓர் இடம் உண்டு

அப்பிளை நான் பகைக்கவில்லை. வயிற்றோட்டத்தால் களைத்துத் தேறி வருபவருக்கும், திண்ம உணவு பழகும் குழந்தைக்கும் அவித்து மசித்த அப்பிள் மென்மையான உணவு. பல நாள் கெடாமல் இருக்கும். அதன் தோலையொட்டி உடம்புக்கு நன்மையான வேறு சேர்வைகளும் உண்டு. வாங்க வசதியுள்ளவர் தோலோடு சாப்பிடட்டும்.

முக்கியமாகச் சிறுநீரக நோயாளிகளைச் சொல்ல வேண்டும். வவுனியா, அநுராதபுரம், பொலநறுவை போன்ற வரண்ட வலயப் பகுதிகளில் இந்த நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடம்பால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாமல் போகலாம். கொய்யாவில் பொட்டாசியம் அப்பிளைவிட நாலு மடங்கு. அப்படிப்பட்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கொய்யா சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு அப்பிளே பாதுகாப்பானது. பழத்தின் பெருமை யார் சாப்பிடுகிறார் என்பதையும் பொறுத்தது.

எப்படிச் சாப்பிடலாம்?

கொய்யாவை நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிடுங்கள். விற்றமின் சி கூடுதலாக இருப்பது தோலிலும் அதையொட்டிய சதையிலும்தான். சூடுபட்டால் இந்த விற்றமின் அழிந்துவிடும். ஆகவே ஜாம் காய்ச்சினால் சுவை இருக்கும், சத்தில் பெரும்பகுதி போய்விடும். வெட்டி நெடுநேரம் வைக்காமல் உடனே சாப்பிடுங்கள். பழத்தைத் தனியாக ஒரு நேரத்தில் சாப்பிடுவதைவிட மதியச் சாப்பாட்டோடு சேர்த்தால்தான் நான் மேலே சொன்ன உதவி கிடைக்கும். வீதியோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பது வாய்க்கு ருசிதான். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கொய்யாச் சம்பலைச் சொல்கிறேன். செங்காய்ப் பதத்தில் உள்ள இரண்டு கொய்யாவை விதை நீக்கிச் சிறிதாக வெட்டுங்கள். ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சைமிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ சேர்த்து, அளவாக உப்பிட்டுத் தேசிப்புளி விட்டுப் பிசையுங்கள். அவித்த கௌபியோடோ, சோறும் முருங்கையிலை வறையும் இருக்கும் தட்டத்திலோ வைத்துச் சாப்பிடுங்கள்.

பழத்தில் புழு இருக்கிறது என்று பலர் மரத்தையே தறித்துவிடுகிறார்கள். அது பழ ஈ இட்ட முட்டையால் வருவது. காய் பிஞ்சுப் பருவம் தாண்டியதும் பழைய கடதாசிப் பையால் சுற்றிக் கட்டிவிட்டால் ஈ அண்டாது. விழுந்து அழுகிய பழங்களைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். ஒரு மரம் நாலு வீட்டுக்குப் போதும்.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

கேட்பீர்கள் என்று தெரியும். அப்பிள் காசில் பாதியை மீனுக்கும் பயறுக்கும் மாற்றினார்கள். மாத்திரையை இரவில் ஒழுங்காகப் போட்டாள். தேநீர் சாப்பாட்டை விட்டுத் தள்ளிப்போனது. மதியத் தட்டத்தில் ஒவ்வொரு நாளும் அரைக் கொய்யா வந்தது. ஆறு கிழமைக்குப் பிறகு பார்த்த இரத்தப் பரிசோதனையில் 10.7 என்று வந்தது. ஏற்றியது மாத்திரையும் உணவும்தான். அவற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டது கொய்யா. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். பார்க்கப் போனபோது என் பையில் எங்கள் வளவுக் கொய்யா ஆறு இருந்தன. கட்டிலருகே யாரோ கொண்டுவந்த அப்பிள் பையும் இருந்தது. மாமியார் இரண்டையும் பார்த்துவிட்டு, வந்திருந்த உறவினர்களுக்கு அப்பிளை வெட்டிக் கொடுத்தார். கொய்யாவைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இது பிள்ளைக்கு" என்று தனியே எடுத்து வைத்தார்.

உங்கள் வளவிலும் ஒரு மரம் நின்றால் இன்றைக்கு ஒருக்கால் அதன்கீழ் போய்ப் பாருங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.